சிறுகதையைப் படித்துக் கட்டுரை எழுதச் சொல்லித்தருவது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு சிறுகதையைக் கொடுத்து "இதைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்வது சுலபம். திரும்பி வரும் தாள்களைப் படிப்பதுதான் கஷ்டம். பாதிப் பேர் கதையையே திரும்பச் சொல்லியிருப்பார்கள், மீதிப் பேர் "இக்கதையின் வாயிலாக ஆசிரியர் அன்பின் மேன்மையை அழகுற எடுத்துரைக்கிறார்" என்று முடித்திருப்பார்கள். இதற்கு நடுவே வேறொரு விதமாக, எதிர்வினைக் கட்டுரையாக எழுத முடியும் என்பதை எப்படிக் காட்டுவது என்பதுதான் கீழே உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

எடுத்துக்காட்டு இல்லாமல் இதைப் பேச முடியாது. அதனால் வகுப்பில் பயன்படுத்துவதற்காகவே எழுதிய ஒரு பக்கக் கதையை இங்கே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கதையைச் சொல்பவன் ஒரு பள்ளிக்கூடப் பையன். அவனுடைய அக்காவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விடுகிறாள். போன அன்று மாலையே அம்மா "இனி அந்த அறை உனக்கு" என்கிறாள். பல நாளாக அவன் ஆசைப்பட்ட அறை. "எனக்கொன்றும் வருத்தமில்லை" என்று கதையில் மூன்று இடத்தில் சொல்கிறான். புத்தகங்களையெல்லாம் கொண்டுபோய் அடுக்குகிறான், ஆனால் படுப்பது மட்டும் பழையபடி கூடத்தில். அக்கா சுவரில் ஒட்டி வைத்த பேருந்து கால அட்டவணையைக் கிழிக்கவில்லை, அதில் ஒரு நேரத்தைச் சுற்றி அவள் போட்ட சிவப்பு வட்டம் இருக்கிறது. ஒரு நாள் அக்கா தொலைபேசியில் "என் ரூம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். "பூட்டித்தான் இருக்கு" என்கிறான். கதை அங்கே நின்றுவிடுகிறது.

எதிர்வினைக் கட்டுரை என்றால் என்ன? மதிப்புரை மாதிரியா?

மதிப்புரை, கதையைப் படிக்காதவருக்காக எழுதுவது. படிக்கலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய உதவுகிறது. எதிர்வினைக் கட்டுரை, கதையை ஏற்கெனவே படித்துவிட்ட ஒருவரிடம் "நீ இதைக் கவனித்தாயா, எனக்கு இது இப்படிப் படுகிறது, காரணம் இது" என்று பேசுவது. இந்த ஒரு வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் வரும் தொல்லைகளில் கணிசமான அளவு குறையும், ஏனென்றால் மாணவர்கள் கதையைத் திரும்பச் சொல்வதற்கு முக்கியமான காரணம், படிக்கப்போகிற ஆள் யார் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஆசிரியருக்குக் கதை தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும், ஆனாலும் "நான் படித்தேன்" என்று நிரூபிக்கத்தான் இந்தக் கட்டுரை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

எந்த மாதிரிக் கதையைத் தேர்ந்தெடுப்பது?

சின்னதாக இருக்க வேண்டும். 1842-இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, இன்னொரு அமெரிக்க எழுத்தாளரான ஹாதார்னின் கதைகளைப் பற்றி எழுதியபோது, ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதுதான் சிறுகதைக்கு உள்ள பலம் என்றார். அவர் சொன்ன கணக்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். வகுப்பறைக்கு அது ரொம்ப அதிகம். ஒரே பாடவேளையில் இரண்டு தடவை படிக்க முடிகிற கதையாகப் பாருங்கள். இரண்டாவது வாசிப்பில்தான் கட்டுரையே ஆரம்பிக்கிறது. முதல் தடவை எல்லோரும் "அடுத்து என்ன" என்றுதான் படிப்பார்கள், நாமும் அப்படித்தான் படிக்கிறோம்.

இன்னொன்று, கதையில் ஏதாவது ஒன்று சொல்லப்படாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே விளக்கிவிட்டுக் கடைசிப் பத்தியில் நீதியையும் சொல்லிவிடுகிற கதையைக் கொடுத்துவிட்டு, மாணவன் சொந்தமாக யோசிக்கவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை. யோசிக்க அங்கே இடமே விடப்படவில்லை. நம் பையன் ஏன் "பூட்டித்தான் இருக்கு" என்று பொய் சொன்னான் என்று கதை சொல்லவில்லை. அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது.

படித்து முடித்தவுடன் வகுப்பில் என்ன கேட்க வேண்டும்?

"கதை என்ன சொல்ல வருகிறது?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் கை தூக்குகிற முதல் ஆள் "பாசம்" என்பான், இரண்டாவது ஆள் "குடும்ப ஒற்றுமை" என்பான், அத்தோடு கதவு மூடிவிடும். அந்தப் பதில்கள் தப்பென்று சொல்லவும் முடியாது, அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதவும் முடியாது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தன் மாணவர்களிடம் கவிதைகளை எழுதியவர் பெயர், காலம் எதுவும் இல்லாமல் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். அந்தத் தாள்களை அலசி 1929-இல் வெளியிட்டார். நல்ல படிப்பாளிகள்கூட எதிரே இருக்கும் வரிகளைப் படிப்பதை விட்டுவிட்டு, தங்களிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரு உணர்ச்சியை எடுத்து வைத்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. "அன்பின் மேன்மை" அப்படித் தயாராக இருக்கும் பதில். எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனால் எந்தக் கதையைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை.

அதற்குப் பதில் நான் கேட்பது: "எந்த வரியில் நின்றீர்கள்?" உறுத்தியதோ, புரியாததோ, திரும்பப் படிக்க வைத்ததோ, ஒரே ஒரு வரி. அதை நோட்டில் எடுத்தெழுதி, பக்கத்தில் ஏன் என்று இரண்டு வரி. பேசாமல், தனித்தனியாக. அதன் பிறகுதான் கலந்துரையாடல். முதலில் பேசவிட்டால் வாய் சாமர்த்தியம் உள்ள ஒருவனுடைய கருத்து மொத்த வகுப்பின் கருத்தாகிவிடும், நாற்பது தாளிலும் அதுவே வரும்.

எவ்வளவு சொன்னாலும் கதைச்சுருக்கத்தையே எழுதுகிறார்களே?

இந்தக் கேள்விதான் எல்லோரும் கேட்பது, இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், "சுருக்கம் எழுதாதே" என்று சொல்வதால் பயனில்லை. எதை எழுதக்கூடாது என்று தெரிந்த மாணவனுக்கு எதை எழுதுவது என்று தெரியாது, அதனால் பயத்தில் திரும்பவும் தெரிந்ததையே எழுதுவான். சுருக்கத்துக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள். முதல் பத்தியில் இரண்டே வாக்கியம், அவ்வளவுதான். நம் கதைக்கு: "அக்கா வெளியூர் போனதும் அவளுடைய அறை தம்பிக்குக் கிடைக்கிறது. அதில் தன் புத்தகங்களை அடுக்கிய பிறகும், அறை பூட்டியிருக்கிறது என்று அவளிடம் பொய் சொல்கிறான்." இரண்டு வாக்கியத்தில் கதையைச் சொல்வது சின்ன வேலை இல்லை. எது முக்கியம் என்று தீர்மானிக்காமல் அதைச் செய்ய முடியாது. மேலே இருக்கும் சுருக்கத்தில் அம்மாவே இல்லை பாருங்கள், அதுவே ஒரு தீர்மானம். அம்மாதான் இந்தக் கதையின் முக்கியமான ஆள் என்று நினைக்கிற மாணவி வேறு இரண்டு வாக்கியம் எழுதுவாள்.

அடுத்து, "அப்புறம்" சோதனை. மாணவர்களே தங்கள் வரைவை வைத்துச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் நடுவில் "அப்புறம்" என்று போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருந்தி வந்தால் அது சுருக்கம். "ஆனால்", "ஏனென்றால்", "அப்படியென்றால்" போன்றவைதான் பொருந்துகிறது என்றால் அங்கே வாதம் இருக்கிறது. "அக்கா ஊருக்குப் போகிறாள். அப்புறம் அம்மா அறையைக் கொடுக்கிறாள். அப்புறம் புத்தகங்களை அடுக்குகிறான்." "வருத்தமில்லை என்று சொல்கிறான். ஆனால் அந்த அறையில் படுப்பதில்லை." இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

மூன்றாவது, கதையின் வரிசையை உடைக்கச் சொல்லுங்கள். கட்டுரை கதையின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கட்டும். கதை நடந்த வரிசையிலேயே கட்டுரையும் போனால் சுருக்கத்தில் வழுக்கி விழாமல் இருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். நம் கதையில் தொலைபேசிப் பொய்யிலிருந்து தொடங்கினால், பின்னால் திரும்பி ஆதாரம் தேடித்தான் ஆக வேண்டும். தேடும்போது கால அட்டவணை கண்ணில் படும்.

மையக் கூற்று எழுதச் சொன்னால் தலைப்பு மாதிரி ஏதோ எழுதுகிறார்கள். எப்படிச் சரி செய்வது?

"இக்கதை பிரிவைப் பற்றியது." இது தலைப்பு. இதை யாரும் மறுக்கப்போவதில்லை, அதனால் மூன்று பக்கம் வாதாட அவசியமே இல்லை. புத்திசாலியான வேறொரு மாணவன் அதே கதையைப் படித்துவிட்டு "இல்லை, எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று சொல்ல முடிந்தால்தான் அது கூற்று. நான் வைத்திருக்கும் ஒரே சோதனை இதுதான்.

ஒரு கூற்று வகுப்பில் எப்படி வளரும் என்று காட்டுகிறேன். மாணவி முதலில் எழுதுவது: "தம்பிக்கு அக்கா மேல் பாசம் உண்டு." சரி, எப்படித் தெரியும்? "பொய் சொல்கிறான்." பொய் சொன்னால் பாசமா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அறையை எடுத்துக்கொண்டான் என்று தெரிந்தால் அவள் வருத்தப்படுவாள், அதனால்தான்." அப்படியானால் பொய் அக்காவுக்காகச் சொன்னது. அவனுக்காகச் சொல்லிக்கொண்டதாக இருக்க வாய்ப்பு உண்டா? இங்கே ஒரு மௌனம் வரும், அதை நீங்கள் நிரப்பாமல் இருக்க வேண்டும், அதுதான் சிரமம். காத்திருந்தால் இப்படி ஒன்று வரலாம்: "அவனைப் பொறுத்தவரை அந்த அறை உண்மையிலேயே பூட்டித்தான் இருக்கிறது. புத்தகம் உள்ளே போனது, அவன் போகவில்லை. அதனால் கதையிலேயே அவன் சொல்கிற ஒரே உண்மை அந்தப் பொய்தான்." இதற்கு மேல் என்ன வேண்டும். இதை மறுக்கலாம், இதற்குக் கதையில் ஆதாரம் உண்டு, எதிர் ஆதாரமும் உண்டு.

அதே வகுப்பில் இன்னொருவன், போன அன்று மாலையே அறையைக் கொடுத்த அம்மாவைப் பிடித்துக்கொண்டு, வெற்றிடத்தைப் பார்க்கப் பொறுக்காதவள் அவள்தான், பையனுடைய வருத்தம் அவளிடமிருந்து வந்தது என்று எழுதலாம். நல்லதுதான். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சண்டை போடவிடுங்கள், இரண்டு கட்டுரையும் தேறிவிடும்.

மேற்கோள் காட்டு என்றால் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

மேற்கோளை ஒட்டிவிட்டு "இதிலிருந்து அவனது பாசம் தெளிவாகிறது" என்று நகர்ந்துவிடுவார்கள். தெளிவாகவில்லை என்பதுதான் பிரச்சினை. ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958-இல் வாதம் என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்று பிரித்துக் காட்டினார்: கூற்று ஒன்று, அதற்கான சான்று ஒன்று, அந்தச் சான்றிலிருந்து அந்தக் கூற்றுக்குப் போக உரிமை தருகிற நியாயம் ஒன்று. மாணவர்கள் முதல் இரண்டையும் எழுதுவார்கள், மூன்றாவதை மனதிலேயே வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது வெளிப்படையாகத் தெரிவதால் எழுத வேண்டிய அவசியமே தோன்றாது.

முன்பு: "தம்பிக்கு அக்காவைப் பிரிந்தது வருத்தம். 'கால அட்டவணை அப்படியே இருந்தது' என்று கதையில் வருகிறது. இதிலிருந்து அவனது வருத்தம் புலப்படுகிறது."

பிறகு: "அறையில் தன் புத்தகங்களை அடுக்கிய பையன் சுவரை மட்டும் தொடவில்லை. அங்கே இருப்பது அழகான படமோ புகைப்படமோ இல்லை, யாருக்கும் இனிமேல் பயன்படாத ஒரு பேருந்து கால அட்டவணை. பயனில்லாத காகிதத்தைக் கிழிக்காமல் விடுகிறவன் அதை வேறு எதற்காகவோ வைத்திருக்கிறான். 'சிவப்பு வட்டம்' அவள் தினமும் கிளம்பிப் போன நேரம். அதைக் கிழித்தால் அவள் திரும்பி வர ஒரு நேரம் இல்லாமல் போய்விடும்."

இரண்டாவதில் மேற்கோள் இரண்டே சொல். பத்தி முழுவதும் அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான். கடைசி வாக்கியம் கொஞ்சம் தாவிவிட்டது என்று நான் ஓரத்தில் குறிப்பேன், கதையில் அவள் திரும்பி வருவதைப் பற்றி எதுவும் இல்லை. ஆனாலும் இப்படித் தாவுகிற மாணவனைத்தான் எனக்குப் பிடிக்கும். ஒட்டிவிட்டு நகர்கிறவனை இழுத்து வருவதைவிட இவனைப் பிடித்து நிறுத்துவது எளிது.

ஒரு நடைமுறை விதி வைத்துக்கொள்ளுங்கள்: மேற்கோள் எவ்வளவு நீளமோ அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு அவர்களுடைய சொந்த வாக்கியம் அதைப் பற்றி இருக்க வேண்டும். நீளமாக எடுத்து ஒட்டுகிற ஆசை தானாகவே அடங்கிவிடும்.

"நான்", "எனக்கு" என்று எழுத அனுமதிக்கலாமா?

தாராளமாக. எதிர்வினை என்று பெயர் வைத்துவிட்டு எதிர்வினை செய்கிற ஆளை ஒளித்து வைக்கச் சொல்வது வேடிக்கை. இதில் இரண்டு கட்சி உண்டு. லூயிஸ் ரோசன்பிளாட் என்ற இலக்கியக் கல்வி அறிஞர் 1938-லேயே, இலக்கிய அனுபவம் என்பது புத்தகத்துக்குள் மட்டும் இல்லை, வாசகருக்கும் எழுத்துக்கும் இடையே நிகழ்வது என்று எழுதினார். மறுபக்கம் விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1949-இல், ஒரு படைப்பு என்ன என்பதையும் அது வாசகருக்குள் என்ன செய்தது என்பதையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று எச்சரித்தார்கள். வகுப்பறையில் இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. உணர்ச்சியில் ஆரம்பிக்கட்டும், அங்கேயே உட்கார்ந்துவிடக்கூடாது. "எனக்கு எரிச்சலாக இருந்தது" என்பது நல்ல தொடக்கம். எந்த வரியில் எரிச்சல் வந்தது, அந்த வரி என்ன செய்தது என்று அடுத்து வர வேண்டும். "என் அக்காவும் கல்யாணமாகிப் போனாள், அப்போது நாங்கள்..." என்று இரண்டு பக்கம் போனால் அது வேறு கட்டுரை, அதை வேறொரு நாள் எழுதட்டும்.

கதை பிடிக்கவில்லை என்கிறான். என்ன செய்வது?

எழுதச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்பவனிடம் பிடித்தது என்பவனைவிடச் சுவாரசியமான காரணங்கள் இருக்கும். "முடிவே இல்லை" என்று குறை சொன்னால், எப்படி முடிந்திருக்க வேண்டும், அப்படி முடிந்திருந்தால் கதையில் வேறு எதெல்லாம் மாற வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். பதில் எழுதும்போது கதையின் கட்டுமானத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறான், அவனுக்கே தெரியாமல்.

ஆளுக்கு ஒரு அர்த்தம் என்றால், எதை எழுதினாலும் சரியா?

இல்லை. இதற்கும் ரோசன்பிளாட்டே வழி சொல்லியிருக்கிறார். ஒரு வாசிப்பைக் கதையின் எந்தப் பகுதியும் மறுக்கக்கூடாது, அந்த வாசிப்புக்கு எழுத்தில் ஆதாரமாக ஏதாவது இருக்கவும் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையும் போதும். "அக்கா உண்மையில் இறந்துவிட்டாள், தொலைபேசி அவனுடைய கற்பனை" என்று ஒருவன் எழுதுவான், இந்த வயதில் எல்லாக் கதையிலும் யாரையாவது இறக்க வைப்பதில் ஒரு ஆனந்தம். "தப்பு" என்று சொல்லாதீர்கள். "எந்த வரி?" என்று மட்டும் கேளுங்கள். தேடிப் பார்த்துவிட்டு அவனே கைவிடுவான். ஒருவேளை வரியோடு வந்துவிட்டால் நாம் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான்.

கதாசிரியரின் வாழ்க்கை, காலம் இதெல்லாம் முன்னாடியே சொல்ல வேண்டுமா?

முதல் வாசிப்புக்கு முன் வேண்டாம். சொன்னால் கட்டுரையின் முதல் பத்தியில் பிறந்த ஊரும் வாங்கிய விருதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கதையைப் புரிந்துகொள்ளவே முடியாது என்கிற அளவுக்குத் தேவையான தகவல் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

கதையில் வரும் "நான்" கதாசிரியர்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"ஆசிரியர் தனக்கு வருத்தமில்லை என்று கூறுகிறார்" என்று எழுதியிருப்பார்கள். நம் கதையைப் பொறுத்தவரை இந்த ஒரு குழப்பம் மொத்தக் கட்டுரையையும் கவிழ்த்துவிடும், ஏனென்றால் கதை நிற்பதே, பையன் சொல்வதற்கும் கதை காட்டுவதற்கும் உள்ள இடைவெளியில். வருத்தமில்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தது கதாசிரியர், சொல்வது பையன். ஒரு தடவை சொன்னால் நம்பலாம், மூன்று தடவை சொன்னால் சந்தேகம் வரத்தானே செய்யும்? இலக்கிய விமர்சகர் வேய்ன் பூத் 1961-இல் இப்படிப்பட்டவர்களுக்கு நம்பத்தகாத கதைசொல்லி என்று பெயர் வைத்தார். பெயரை மாணவர்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம், இடைவெளியைக் காட்டிவிட்டால் போதும்.

வகுப்பில் செய்ய எளிதான வேலை ஒன்று உண்டு. தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் "அவன் சொல்வது", வலப்பக்கம் "அவன் செய்வது" என்று எழுதச் சொல்லுங்கள். வருத்தமில்லை என்கிறான், கூடத்தில் படுக்கிறான். அறை கிடைத்தது சந்தோஷம் என்கிறான், அட்டவணையைக் கிழிக்கவில்லை. இரண்டு பக்கமும் எங்கெல்லாம் ஒத்துவரவில்லையோ அங்கெல்லாம் ஒரு பத்தி காத்திருக்கிறது. எழுத ஒன்றும் தோன்றவில்லை என்று வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் இது கைகொடுக்கும், கட்டுரை என்ற பயம் இல்லாமல் பட்டியல் மாதிரித் தொடங்கிவிடலாம்.

முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்ற அச்சில் சொல்லித்தரலாமா?

முதல் ஒன்றிரண்டு கட்டுரைக்குப் பாதகமில்லை. எங்கே போவது என்று தெரியாதவனுக்கு அது ஒரு கைப்பிடி. ஆனால் மூன்று பத்தி வேண்டும் என்பதற்காக மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்கிற நிலை வந்ததும் விட்டுவிடுங்கள். பலமான ஒரு காரணத்தை இரண்டு பக்கம் துருவுகிற கட்டுரை, பலவீனமான மூன்று காரணங்களை அடுக்குகிற கட்டுரையைவிட மேல்.

முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். "மனித வாழ்வில் உறவுகள் இன்றியமையாதவை" என்று தொடங்கினால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அடுத்த வாக்கியத்திலிருந்து படியுங்கள், பெரும்பாலும் ஒன்றும் குறையாது. முடிவுரையில் சொன்னதையே திரும்பச் சொல்லாமல், தன் கூற்றுக்கு எதிராக இருக்கிற ஒரு வரியை எடுத்து அதற்குப் பதில் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

தாள்களைத் திருத்துவதற்கே நேரம் போதவில்லை. எதைத் திருத்துவது?

முதல் வரைவில் எழுத்துப்பிழை, சந்திப்பிழை எதையும் தொடாதீர்கள். எழுதக் கற்பிப்பதை ஆராய்ந்த நான்சி சாமர்ஸ் 1982-இல் ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான குறிப்புகளை ஒரு தாளிலிருந்து எடுத்து இன்னொரு தாளில் வைத்தாலும் வித்தியாசமே தெரியாது என்று சொன்னார். "இன்னும் விளக்குக", "தெளிவில்லை", "நன்று". உண்மைதானே, ரப்பர் முத்திரை செய்து வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும். ஒரே வரைவில் பிழையையும் திருத்தி, கருத்தையும் மாற்று என்று சொன்னால், எப்படியும் போகப்போகிற வாக்கியத்துக்கு ஒற்று போட்டுக்கொண்டிருப்பான் மாணவன்.

அதனால் முதல் வரைவுக்கு ஒரே ஒரு குறிப்பு, அதுவும் அந்தத் தாளுக்கு மட்டுமே பொருந்துகிற கேள்வியாக. "அவன் பொய் சொன்னது அக்காவுக்காக என்கிறாய். அப்படியானால் கூடத்தில் ஏன் படுக்கிறான்? அதை அக்கா பார்க்கப்போவதில்லையே?" இது ஒன்று போதும். இதற்குப் பதில் சொல்ல மாணவி கட்டுரையின் பாதியைத் திரும்ப எழுதியாக வேண்டும். பிழைகளெல்லாம் கடைசி வரைவில்.

மதிப்பெண்ணைப் பற்றி: குறிப்பையும் மதிப்பெண்ணையும் ஒரே நாளில் கொடுத்தால் குறிப்பை யாரும் படிக்க மாட்டார்கள். முதலில் குறிப்பைக் கொடுங்கள், திருத்தி எழுதிய பிறகு மதிப்பெண். என்ன அளவுகோலில் போடப்போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நான் அதிக எடை கொடுப்பது, சான்றுக்கும் கூற்றுக்கும் நடுவில் உள்ள விளக்கத்துக்கு.

சாட்ஜிபிடியில் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்களே?

2022 நவம்பரில் அது வெளிவருவதற்கு முன்னால் கைடு இருந்தது, அண்ணன் நோட்டு இருந்தது. வேகம்தான் கூடியிருக்கிறது. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், அவை அதைப் பயன்படுத்தாதவன் மேலும் பழி போடும், பயன்படுத்தியவனைத் தப்பவும் விடும். வீட்டுக்கு அனுப்பும் முன்பே வகுப்பில் கையால் எழுதிய அந்த ஒரு வரியும் இரண்டு வரி விளக்கமும் உங்களிடம் இருக்கட்டும். கட்டுரை அதிலிருந்துதான் வளர வேண்டும் என்பது நிபந்தனை. முடிந்த பிறகு ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம், "இந்தப் பத்தியில் 'சிவப்பு வட்டம்' பற்றி எழுதியிருக்கிறாயே, அது ஏன் உனக்கு முக்கியமாகப் பட்டது?" தானே எழுதியவன் பேசுவான், சில சமயம் எழுதியதைவிட நன்றாகப் பேசுவான், அதையும் சேர்த்து எழுது என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தேர்வில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

நாற்பது நிமிடம் இருந்தால் முதல் பத்து நிமிடம் எழுதக்கூடாது. இரண்டு தடவை வாசிப்பு, ஒரு வரி தேர்வு, அதைப் பற்றி மறுக்கக்கூடிய ஒரு வாக்கியம், ஆதாரத்துக்கு இரண்டு இடம். மீதி நேரம் எழுத. வகுப்பில் நாள் கணக்கில் செய்ததன் சுருங்கிய வடிவம்தான், ஆனால் நாள் கணக்கில் செய்து பழகாதவனுக்கு இந்தப் பத்து நிமிடம் வீணாகத்தான் போகும்.

எத்தனை பக்கம் எழுதச் சொல்வது?

ஒரு பக்கக் கதைக்கு ஒன்றரைப் பக்கம் போதும். அதற்கு மேல் கேட்டால் சுருக்கத்தை வைத்து நிரப்புவார்கள்.